நவூரு: நிலமும் வளமும் ஒன்றாகிப்போன தீவு

ஒரு நாட்டின் இயற்கை வளங்கள் யாவை? எஸ்.பி.எம். தேர்வுக்குப் புவியியல் படித்தவர்கள் உடனே ஒரு பட்டியலைச் சொல்லிவிடுவார்கள்: ஈயம், பெட்ரோலியம், காடு, மீன். இந்தப் பட்டியலுக்குள் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. நிலம் என்பது ஒன்று. வளம் என்பது அந்நிலத்தின் மேலோ அடியிலோ கிடக்கும் வேறொன்று. வளத்தை எடுத்து விற்ற பிறகும் நிலம் நம்மிடமே இருக்கும் என்ற எண்ணம்தான் அது. பெரிய நாடுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய குழிகள் இன்று குட்டைகளாகக் கிடக்கின்றன. ஆனாலும், அவற்றைச் சுற்றி ஈப்போ மாநகர் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால், நாடே ஒரு சிற்றூர் அளவுதான் என்றால்? தோண்டும் இடம்தான் நாடு என்றால்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் நாடு பசிபிக் பெருங்கடலில் உள்ள நவூரு. சிறு தீவு நாடுகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படிக்கத் தொடங்கியபோது நவூருவைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது ஓர் ஊதாரியின் கதையாகத்தான். “திடீர்ப் பணக்காரர்கள், செலவழித்தார்கள், ஏழையானார்கள்” என்று மூன்றே சொற்களில் அக்கதை முடிந்துவிடும். தீவின் வரைபடத்தை விரித்து, அதன் பாறையையும் மண்ணையும் பற்றிப் படித்த பிறகு அக்கதை எனக்குப் பாதிக் கதையாகவே தெரிந்தது. மற்றப் பாதியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடமும் அளவும்

நவூரு நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 56 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் கொடியே ஒரு வரைபடம் எனலாம். நீல நிறம் கடல். நடுவில் ஓடும் மஞ்சள் கோடு நிலநடுக்கோடு. கோட்டிற்குச் சற்றுக் கீழே உள்ள வெள்ளை நட்சத்திரம் நவூரு. நட்சத்திரத்தின் பன்னிரண்டு முனைகளும் அத்தீவின் பன்னிரண்டு குலங்களைக் குறிக்கின்றன.

பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவுக்குள் இதைப்போல் பதின்மூன்று தீவுகளை அடக்கிவிடலாம். மக்கள்தொகை ஏறத்தாழ 12,000. அதிகாரப்பூர்வமான தலைநகரம் கிடையாது. யாரென் என்ற வட்டாரத்தில் நாடாளுமன்றமும் விமான நிலையமும் உள்ளன. தீவைச் சுற்றியோடும் சாலையின் நீளம் ஏறத்தாழ 19 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளில் நாட்டையே அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். மிக அருகில் உள்ள தீவு கிழக்கே 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனாபா. அது கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்தது.

பவளத்தால் எழுந்த தீவு

கடலடி எரிமலை ஒன்றின் தலைமேல் பவளப் பூச்சிகள் கட்டிய சுண்ணாம்புப் பாறையே நவூரு. பவளத்தீவுகள் பெரும்பாலும் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே மட்டுமே தலைகாட்டும். மாலத்தீவும் துவாலுவும் அப்படித்தான். நவூருவோ உயர்த்தப்பட்ட பவளத்தீவு. அதன் நடுப்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60, 70 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கிறது.

இதனால் தீவு இரண்டு தட்டுகளாக அமைந்துவிட்டது. கடலோரமாக 150 முதல் 300 மீட்டர் அகலத்தில் ஒரு தட்டையான வளையம் உண்டு. தென்னையும் வீடுகளும் பள்ளிகளும் விமான ஓடுபாதையும் எல்லாம் இந்த வளையத்தில்தான். அதற்கு உள்ளே, செங்குத்தாக ஏறினால் மேட்டுநிலம். அங்குள்ளவர்கள் இதை ‘டாப்சைட்’ என்றே அழைக்கிறார்கள். தீவின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த மேட்டுநிலமே. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் நடந்தவை அனைத்தும் இதைச் சுற்றியே நடந்தன.

கரையைச் சுற்றிப் பவளப்பாறைத் திட்டு ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும் கடல் திடீரென்று ஆழமாகிவிடுகிறது. எனவே கப்பல்கள் நங்கூரமிட இடமில்லை. இயற்கைத் துறைமுகமும் இல்லை.

நீரும் மரமும் மீனும்

நவூருவில் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறை பெய்த மழையை உறிஞ்சிவிடுகிறது. நிலத்தடியில் உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம், கூரையிலிருந்து தொட்டியில் பிடிக்கும் மழைநீர், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் ஆகிய மூன்றையும் நம்பியே மக்கள் வாழ்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கேட்பதற்கு நல்ல அளவுதான். ஆனால், அது ஆண்டுதோறும் ஒரே சீராகப் பெய்வதில்லை. ‘எல் நினோ’ ஆண்டுகளில் கொட்டித் தீர்க்கிறது. ‘லா நினா’ ஆண்டுகளில் பொய்த்துவிடுகிறது. நமக்கு இது நேர்மாறு. எல் நினோ வந்தால் மலேசியாவில் வறட்சியும் புகைமூட்டமும். லா நினா வந்தால் வெள்ளம். நமக்கு வெள்ளம் வரும் காலம் நவூருவுக்குத் தாகக் காலம் என்று நினைவில் கொள்ளலாம்.

தீவின் தென்மேற்கில் மேட்டுநிலத்தின் பள்ளத்தில் புவாடா என்ற சிறு குளம் உள்ளது. அதைச் சுற்றித்தான் வாழையும் தாழையும் தென்னையும் செழிப்பாக வளர்கின்றன. நவூரு மக்கள் கடலோரத்தில் பால்கெண்டை மீன்குஞ்சுகளைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நன்னீருக்குப் பழக்கி, இக்குளத்தில் வளர்த்து வந்தனர். ஆறில்லாத ஊரில் மீன்பண்ணை அமைத்த அறிவு வியப்புக்குரியது. 1960களில் திலாப்பியா மீன் இத்தீவின் நீர்நிலைகளில் விடப்பட்டது. அது பெருகி, பால்கெண்டை வளர்ப்பு நலிந்தது.

தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. நவூருவின் அரசுச் சின்னத்தில் ஒரு பறவையும் ஒரு மரக்கிளையும் உள்ளன. பறவை, அம்மக்கள் பிடித்துப் பழக்கி வளர்த்த பிரிகேட் கடற்பறவை. கிளை, அவர்கள் தொமானோ என்று அழைக்கும் மரத்தினுடையது. அது வேறெதுவுமன்று, சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து மரமாக நாம் படித்த புன்னைதான்.

கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்

1888இல் ஜெர்மனி நவூருவைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அப்போது அங்கிருந்து வாங்கக் கூடியதாக வெளியாருக்குத் தெரிந்த பொருள் கொப்பரை மட்டுமே. பிறகு ஒரு கல் அனைத்தையும் மாற்றியது. நவூருவிலிருந்து கொண்டு வரப்பட்ட அந்தக் கல், சிட்னியில் பசிபிக் தீவுகள் நிறுவனத்தின் அலுவலகத்தில் கதவு மூடாமலிருக்க முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. கல்லாகிப்போன மரத்துண்டு என்றே அதை நினைத்திருந்தார்கள். 1899இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அலுவலர் ஐயங்கொண்டு அதைச் சோதித்துப் பார்த்தார். அது உயர்தரப் பாஸ்பேட்டுப் பாறை.

பாஸ்பேட்டு ஏன் இவ்வளவு முக்கியம்? பயிருக்குத் தேவையான முதன்மைச் சத்துகள் மூன்று: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். நைட்ரஜனைக் காற்றிலிருந்தே தொழிற்சாலையில் பிடித்துவிடலாம். பாஸ்பரஸுக்கு அப்படி வழியில்லை; பாறையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அதற்கு மாற்றும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் மண் மிகப் பழைய மண். பாஸ்பரஸ் குறைந்த மண். நியூசிலாந்தின் புல்வெளிகளுக்கும் பாஸ்பரஸ் தேவைப்பட்டது. நவூருப் பாறையைக் கந்தக அமிலத்தில் கலந்து ‘சூப்பர் பாஸ்பேட்டு’ உரமாக்கி அந்த நிலங்களில் தூவினார்கள். கோதுமை விளைந்தது, ஆடுகள் கொழுத்தன.

இப்பாறை எவ்வாறு உருவானது? நெடுங்காலம் குவிந்த கடற்பறவைகளின் எச்சம் சுண்ணாம்புப் பாறையோடு வினைபுரிந்து உருவானது என்பது பாடநூல்களில் காணப்படும் விளக்கம். கடல்நீரின் பங்கே பெரிது என்று வாதிடும் நிலவியலாளர்களும் உண்டு. எப்படியாயினும், அது இருந்த இடம் மேட்டுநிலம். சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாக ஏற்பட்ட ஆழமான குழிகளில் பாஸ்பேட்டு நிறைந்திருந்தது. அதன் மேலேயே மண் படிந்து, காடு வளர்ந்திருந்தது. ஆகவே மரத்தை வெட்டி, மண்ணைச் சுரண்டி, குழியிலிருந்த பாஸ்பேட்டை அள்ளினால் மிஞ்சுவது என்ன? பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்திற்குப் பல்வரிசை போல் நிற்கும் வெறும் சுண்ணாம்புக் கற்தூண்கள். அவற்றின் மேல் நடக்க முடியாது, வீடு கட்ட முடியாது, பயிரிடவும் முடியாது. சுரங்கம் என்றதும் நிலத்திற்கு அடியில் துளையிடுவதையே நாம் கற்பனை செய்கிறோம். நவூருவில் அள்ளப்பட்டது நிலத்தின் மேற்பகுதியே. நிலத்தையும் வளத்தையும் பிரிக்க அங்கே வழியே இல்லை.

அள்ளியவர் யார்? உண்டவர் யார்?

1907இல் முதல் ஏற்றுமதி தொடங்கியது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது ஆஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் சேர்ந்து ‘பிரிட்டிஷ் பாஸ்பேட்டு ஆணையம்’ என்ற அமைப்பை நிறுவித் தீவின் பாஸ்பேட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. சீனத் தொழிலாளர்களும் கில்பர்ட், எல்லிஸ் தீவினரும் அள்ளும் வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர். பாறை திட்டைத் தாண்டிக் கடலுக்குமேல் நீளும் இரும்புக் கைகள் வழியாகக் கப்பலில் கொட்டப்பட்டது. மூன்று நாட்டு விவசாயிகளுக்கும் உரம் மலிவு விலையில் கிடைத்தது. நிலத்துக்குச் சொந்தக்காரரான நவூரு மக்களுக்குத் தொடக்கக் காலத்தில் கிடைத்தது டன்னுக்கு அரைப் பென்னி.

இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் ஜப்பான் தீவைப் பிடித்தது. அடுத்த ஆண்டு ஏறத்தாழ 1,200 நவூரு மக்கள் துருக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்காகக் கொண்டு செல்லப்பட்டனர். 1946 ஜனவரி 31ஆம் நாள் உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். சயாம் மரண ரயில் பாதைக்குப் போனவர்களை நினைவில் வைத்திருக்கும் நம் சமூகத்திற்கு அந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தவர்கள் கண்டது, அள்ளும் வேலை மீண்டும் தொடங்குவதைத்தான்.

நாட்டையே இடம் மாற்றலாமா?

பாஸ்பேட்டு தீர்ந்ததும் இத்தீவில் மக்கள் வாழ முடியாது என்பதை ஆட்சியாளர்கள் அறிந்தே இருந்தனர். அவர்கள் கண்ட தீர்வு, தோண்டுவதை நிறுத்துவதன்று. மக்களை வேறிடத்திற்கு மாற்றுவது. குவீன்ஸ்லாந்துக் கரையை ஒட்டிய கர்ட்டிஸ் தீவு அவர்களுக்குக் காட்டப்பட்டது. அங்குச் சென்றால் ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைக்கும். தனி நாடு என்ற உரிமை கிடைக்காது. 1964இல் நவூரு மக்கள் அதை மறுத்துவிட்டனர்.

அவர்களுடைய அச்சத்திற்குக் காரணம் இருந்தது. அண்டைத் தீவான பனாபாவிலும் அதே ஆணையம்தான் பாஸ்பேட்டு எடுத்தது. அங்கிருந்த மக்கள் 1945 டிசம்பரில் பிஜி நாட்டின் ராபித் தீவுக்கு மாற்றப்பட்டனர். அவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் இன்றும் அங்கேயே வாழ்கின்றனர்.

விடுதலையும் செல்வமும்

துருக்கிலிருந்து திரும்பிய அதே நாளைத் தேர்ந்தெடுத்து, 1968 ஜனவரி 31ஆம் நாள் நவூரு விடுதலை பெற்றது. ஹாமர் டிரோபர்ட் முதல் அதிபரானார். பாஸ்பேட்டுத் தொழிலை 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விலைக்கு வாங்கி, 1970இல் அதைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தனர். 1970களில் தலைக்குரிய வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக நவூரு விளங்கியது. வருமானவரி இல்லை; மருத்துவமும் கல்வியும் இலவசம். மெல்பர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம் 1977இல் எழுந்தது. சொந்த விமான நிறுவனமும் பறந்தது.

பிறகு நடந்ததை ஊதாரிக் கதை சொல்பவர்கள் விரிவாகவே சொல்வார்கள். முதலீடுகள் நட்டமடைந்தன, 1993இல் லண்டனில் ஓர் இசை நாடகத்தில் போட்ட பணம் வீணானது, கடன் ஏறியது, 2004இல் மெல்பர்ன் கட்டடம் விற்கப்பட்டது. இந்தத் தவறுகளை நான் மறைக்க விரும்பவில்லை. அவை நவூருத் தலைவர்கள் செய்தவையே. ஆனால், விடுதலைக்கு முன்பே பாஸ்பேட்டு நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அள்ளி முடிக்கப்பட்டிருந்தது. அந்த நிலத்தைச் சீர்படுத்தும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு 1989இல் நவூரு ஆஸ்திரேலியாவை அனைத்துலக நீதிமன்றத்திற்கு இழுத்தது. 1992இல் வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் கூறியது. 1993இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருவதாக உடன்பட்டு ஆஸ்திரேலியா வழக்கை முடித்துக்கொண்டது.

பணம் வந்தாலும் நிலம் திரும்புவது எளிதன்று. கற்தூண்களை உடைத்துச் சமன்படுத்த வேண்டும்; அதன்மேல் மண் வேண்டும்; அந்த மண்தான் கப்பலேறிப் போய்விட்டதே! பிறர் நிலத்தை விளையவைத்த தீவு இன்று தன் உணவின் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. டின்னில் அடைத்த உணவும் அரிசியும் சீனியும் உண்டு வாழ நேர்ந்த மக்களிடையே நீரிழிவு நோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் நவூருவும் ஒன்று. இதைச் சோம்பல் என்ற ஒரு சொல்லில் அடக்குவது நியாயமாகுமா?

நமக்கும் இதில் பங்குண்டு

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஜாவாவுக்குத் தெற்கே கிறிஸ்மஸ் தீவு என்றொரு தீவு உள்ளது. அதுவும் பாஸ்பேட்டுத் தீவு. 1958இல் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்படும் முன் அது சிங்கப்பூரிலிருந்து நிர்வகிக்கப்பட்டது. நவூருவைத் தோண்டிய அதே ஆணையம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கும் தோண்டும் பணியை நடத்தியது. அத்தீவின் பாஸ்பேட்டுப் பாறைத்தூள், ‘சி.ஐ.ஆர்.பி.’ என்ற பெயரில் மலேசியத் தோட்டங்களில் நன்கு அறிமுகமான உரம். ரப்பருக்கும் செம்பனைக்கும் அது போடப்பட்டது, இன்றும் போடப்படுகிறது.

தோட்டத்தில் உரம் போடும் வேலையில் நம் பெண்களே மிகுதி. என் பாட்டியும் அவர்களில் ஒருவர். அந்த உரம் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா எனக் கேட்டேன். “யாரு ஐயா எங்களுக்குச் சொன்னா? மூட்டைய பிரிச்சோம், வாளியில அள்ளுனோம், போட்டோம்” என்றார். ஒரு தீவின் நிலம் இன்னொரு நாட்டின் செம்பனையாகிறது. அள்ளியவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. இரு முனைகளிலும் நின்றவர்கள் கூலிகள்.

இனி எதை நம்பி வாழ்வது?

முதல் சுற்றில் விடுபட்ட பாஸ்பேட்டைக் கற்தூண்களுக்கிடையே தேடி எடுக்கும் பணி 2006 முதல் நடந்தது. அது சிறு வருமானமே. 2001இல் ஆஸ்திரேலியா, தன்னிடம் அடைக்கலம் கேட்டுப் படகில் வந்தவர்களை நவூருவில் முகாமிட்டு வைக்கத் தொடங்கியது. 2008இல் மூடப்பட்ட முகாம் 2012இல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கு அடைக்கப்பட்டவர்களில் ஈழத்தமிழர்களும் இருந்தனர். 2007இல் மட்டும் 80க்கும் மேற்பட்ட இலங்கையர் அனுப்பப்பட்டனர், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். விற்க மண் இல்லாத நாடு, தன் இடத்தையே வாடகைக்கு விட நேர்ந்தது.

கடல் மட்டும் எஞ்சியது. நிலம் 21 சதுர கிலோமீட்டர்தான் என்றாலும் நவூருவின் தனிப்பொருளாதாரக் கடற்பகுதி 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அங்குச் சூரை மீன் ஏராளம். 1982இல் ஏழு தீவு நாடுகள் கையெழுத்திட்ட மீன்பிடி உடன்பாடு நவூருவின் பெயரையே தாங்கியுள்ளது. தனித்தனியே பேரம் பேசாமல், ஒரு கப்பல் ஒரு நாள் மீன்பிடிக்க இவ்வளவு கட்டணம் என்று அந்நாடுகள் கூட்டாக விதித்தன. இதில்தான் எனக்கு நம்பிக்கை தெரிகிறது. அளவோடு பிடித்தால் மீன் மீண்டும் பெருகும், பாஸ்பேட்டு பெருகாது. 2015இல் வருங்காலத் தலைமுறைக்கென ஒரு சேமிப்பு நிதியும் தொடங்கப்பட்டது.

ஆனால், இன்னொரு பாதையும் திறந்துள்ளது. ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே 4,000 மீட்டருக்கும் கீழே, நிக்கல், கோபால்ட், செம்பு, மாங்கனீசு அடங்கிய உருண்டைகள் கடலடியில் கிடக்கின்றன. ஒரு வெளிநாட்டு நிறுவனத்திற்கு ஆதரவாக நின்று, அவற்றைத் தோண்டும் விதிமுறைகளை இரண்டு ஆண்டுகளில் முடிக்குமாறு 2021இல் நவூரு அனைத்துலகக் கடலடி ஆணையத்தைக் கேட்டது. 2023இல் கெடு முடிந்தும் விதிமுறைகள் நிறைவேறவில்லை. உலகச் சுற்றுச்சூழல் அமைப்புகள் பல இதைக் கண்டிக்கின்றன. கண்டிப்பவர்களின் கவலை நியாயமானது. ஆனாலும், வேறு என்ன வளம் மிஞ்சியிருக்கிறது என்று நவூரு திருப்பிக் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

கடல் மட்டமும் உயர்கிறது. மக்கள் வாழும் கரையோர வளையம் தாழ்வானது. ஆகவே வீடுகளையும் மருத்துவமனையையும் மேட்டுநிலத்திற்கு மாற்ற அரசு திட்டமிட்டுள்ளது. அதற்குப் பணம் திரட்ட, குறைந்தது 105,000 அமெரிக்க டாலர் செலுத்துவோருக்குக் குடியுரிமை வழங்கும் திட்டம் 2025இல் தொடங்கப்பட்டது. மாலத்தீவுக்கும் துவாலுவுக்கும் இல்லாத உயரமான நிலம் நவூருவுக்கு இருக்கிறது. ஆனால், அந்த உயரமான நிலம்தான் கற்தூண்களாகக் கிடக்கிறது. ஏறிச் செல்ல வேண்டிய ஒரே இடத்தை நூறாண்டுகளாக அள்ளிக் கொடுத்துவிட்டார்கள், அள்ளிக்கொண்டும் போய்விட்டார்கள்.

பாலைக்கென்று தனி நிலம் இல்லை. வளம் குன்றிய நிலமே பாலையாகும் என்று நம் திணைக் கோட்பாட்டில் படித்திருக்கிறோம். அதற்குக் காரணமாக வெயிலைச் சொன்னார்கள். நவூருவின் பாலைக்கு வெயில் காரணமன்று. ஒரு நாட்டின் வருமானக் கணக்கில் ‘வரவு’ என்று எழுதப்பட்ட ஒவ்வொரு டன்னும், அந்த நாட்டின் நிலக் கணக்கில் ‘செலவு’ என்று எழுதப்பட வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது கணக்கை எழுத ஒருவரும் முன்வரவில்லை.

நாளை நம்மில் சிலர் வங்கிகளிலும், சிலர் அரசு இலாகாக்களிலும், சிலர் தோட்ட நிறுவனங்களிலும் பணிக்கமர்வோம். கேமரன் மலையின் சரிவைப் பற்றியோ, பகாங்கில் தோண்டப்படும் பாக்சைட்டைப் பற்றியோ ஓர் அறிக்கை நம் மேசைக்கு வரக்கூடும். அப்போது இலாபம் எவ்வளவு என்ற கேள்வியோடு, எடுத்த பின் அங்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்போமாக. அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்கும் உரிமை நவூரு மக்களுக்குத் தரப்படவில்லை. நமக்கு அது இருக்கிறது.